கைக்குப் போட்ட பிளாக் சரியாகப் பிடிக்கவில்லையா? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் சிறிய, நடுத்தர மருத்துவமனைகளில் அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கைக்கு நரம்பு பிளாக் (நரம்பைச் சுற்றி மருந்து விட்டுக் கையை மட்டும் மரக்க வைப்பது) போடும் இளம் மயக்கவியல் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிப்காட்டில் இயந்திரத்துக்குள் விரல் நசுங்கியவர், விசைப்படகுக் கயிற்றில் மணிக்கட்டு சிக்கியவர், பண்ருட்டியில் பலா மரத்திலிருந்து விழுந்து முழங்கை உடைந்தவர், டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா வைக்க வந்தவர் என்று நம்மிடம் வருபவர்களில் பலருக்கு முழு மயக்கத்தைவிட பிளாக்கே நல்லது. ஆனால் அது பாதி பிடித்து, பாதி பிடிக்காமல் நிற்கும் நேரங்கள் உண்டு. அந்த நேரத்தில் என்ன பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது, எப்போது கையை எடுத்துவிட்டு வேறொருவரைக் கூப்பிடுவது என்பதுதான் இங்கே விஷயம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பிளாக் பிடிக்கவில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு முழு மயக்கத்துக்குத் தாவாதீர்கள். எந்த நரம்பு விடுபட்டது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கைக்குப் போகும் நான்கு முக்கிய நரம்புகளில் மூன்று மரத்திருந்தால் மீதி ஒன்றுக்கு ஐந்து மி.லி. மருந்து போதும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான், வயிறு நிறையச் சாப்பிட்ட நிலையில் அவசரமாக வந்தவருக்கும், பல வருடம் பீடி பிடித்து நுரையீரல் கெட்டவருக்கும் தேவையில்லாமல் தொண்டையில் குழாய் போகிறது.

## ஊசியை எடுப்பதற்கு முன்

நோயாளியின் மறு கையில் ஊசிக்குழாய், ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறி நஞ்சானால் கொடுக்கும் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் அதே அறையில் இருக்க வேண்டும். கீழ்த்தள மருந்தகத்தில் இருக்கிறது என்பது இருப்பதாகாது. பெட்டியை எடுத்து அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 10 சதவீத பாட்டிலும் கிடைக்கிறது; நமக்கு வேண்டியது அது அல்ல.

மரப்பு மருந்தின் உச்ச அளவைக் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகு மருந்தை உறிஞ்சுங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு பூபிவகெய்ன் கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 100 மி.கி.; அதாவது 0.5 சதவீத மருந்தில் 20 மி.லி. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் கிலோவுக்கு 7 மி.கி. என்றால் 350 மி.கி.; 2 சதவீதத்தில் 17.5 மி.லி. இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் தனித்தனி உச்சம் கிடையாது. பூபிவகெய்ன் பாதி உச்சத்தைத் தொட்டால் லிக்னோகெய்னும் பாதியில் நிற்க வேண்டும். விடுபட்ட நரம்புக்குப் பின்னால் போடப்போகும் ஐந்து மி.லி.யும், அறுவை மருத்துவர் காயத்தில் தன் கையால் போடும் மருந்தும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதனால் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பெரும்பாலானோர் தவிர்த்துவிடுவது. பிளாக்குக்கு முன்பே விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்து எழுதிவையுங்கள். மேற்கை எலும்பு முறிந்தவருக்கு மணிக்கட்டு ஏற்கெனவே தொங்கிப்போயிருக்கலாம். அதை இன்று எழுதாவிட்டால் நாளை அது உங்கள் ஊசியின் கணக்கில் ஏறும்.

ஊசி தோலைத் தொடும் கணத்தில் ஒரு நொடி நின்று, எந்தப் பக்கம் என்று நோயாளியிடமும் நர்ஸிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். காலையில் ஒருமுறை கேட்டது போதாது.

## எந்த வெட்டுக்கு எந்த பிளாக்

பாதிப் பிரச்சினை இங்கேயே முளைக்கிறது. தோள்பட்டைக்கு இன்டர்ஸ்கேலீன் (கழுத்தின் பக்கவாட்டில் போடுவது), அதை வைத்துக்கொண்டு உள்ளங்கை அறுவைக்குப் போனால் சுண்டுவிரல் பக்கம் விடுபடுவது நிச்சயம்போலத்தான். மேற்கையின் நடுவிலிருந்து கீழே எதுவானாலும் சுப்ராகிளாவிகுலர் (காறை எலும்புக்கு மேலே போடுவது) வேகமாகப் பிடிக்கும், ஒரே குத்தில் முடியும். ஆனால் பக்கத்திலேயே நுரையீரல் உறை இருக்கிறது, உதரவிதான நரம்பும் அடிபடக்கூடும். முழங்கையிலிருந்து கீழே என்றால் இன்ஃப்ராகிளாவிகுலர் (காறை எலும்புக்குக் கீழே போடுவது) உறுதியாகப் பிடிக்கும், கையை அசைக்காமலே போடலாம். அங்கே நரம்பு ஆழத்தில் இருப்பதால் ஊசி சரியாகத் தெரியாது. ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்கவும் முடியாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரிடம் யோசித்துப் போடுங்கள். முன்கைக்கும் விரல்களுக்கும் ஆக்ஸிலரி (அக்குளில் போடுவது). மூச்சுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து இல்லாதது அதுதான். நான்கு நரம்பையும் தேடிப்போக வேண்டும், கையை விரித்து வைக்கவும் முடிய வேண்டும்.

மூச்சிரைப்புள்ளவருக்கு மணிக்கட்டு அறுவை என்றால் நான் ஆக்ஸிலரியைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை. நேரம் கூடுதலாக ஆகட்டும்.

## அறிகுறி: திரையில் நரம்பே தெரியவில்லை

முதலில் இலவசமான காரணங்கள். ஜெல் போதவில்லை, தோலில் வைக்கும் ஸ்கேன் புரோப்பின் உறைக்குள் காற்று நிற்கிறது, புரோப் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. புரோப்பின் ஒரு ஓரத்தை விரலால் தட்டி, திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பாருங்கள். பிறகு ஆழம். கழுத்திலும் அக்குளிலும் மூன்று, நான்கு செ.மீ. போதும், அதில் எட்டு செ.மீ. வைத்துக்கொண்டு தேடினால் நரம்பு புள்ளியாகிவிடும். இயந்திரத்தில் வயிறு அமைப்பு தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். காலையில் வேறொருவர் வயிற்று ஸ்கேன் செய்துவிட்டுப் போயிருப்பார்.

அதன் பிறகும் தெரியவில்லை என்றால் புரோப்பை நகர்த்தாமல் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நரம்பு சில பாகை வித்தியாசத்தில் மறையும், சில பாகை வித்தியாசத்தில் பளிச்சென்று வரும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தோலை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். சுப்ராகிளாவிகுலரில் முதலில் நரம்பைத் தேடவே கூடாது. துடிக்கும் சப்கிளாவியன் தமனியைத் தேடுங்கள். அதற்குக் கீழே வெள்ளைக் கோடாக முதல் விலா எலும்பு, எலும்புக்குப் பின்னால் கறுப்பு நிழல். தமனியின் வெளிப்புற மேல்பக்கத்தில் திராட்சைக் குலையாகத் தெரிவதுதான் நரம்புக் கூட்டம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளரை ஒருமுறை போட்டுவிடுங்கள். அந்தக் குலைக்குள் சில வட்டங்கள் நரம்பல்ல, குறுக்கே போகும் சிறு தமனிகள்.

உடல் பருத்தவருக்கு இன்ஃப்ராகிளாவிகுலர் தெரியவில்லையா? கையைத் தோளிலிருந்து 90 பாகை விரித்து வையுங்கள். காறை எலும்பு மேலே விலகும், நரம்பும் தோலுக்குச் சற்று நெருங்கும். முறிவால் கையை விரிக்க முடியாது என்றால் இடத்தை மாற்றி சுப்ராகிளாவிகுலருக்குப் போய்விடுங்கள்.

எந்த நோயாளியிடமும் படம் மங்கலாகவே வருகிறது, திரையில் செங்குத்தாகக் கறுப்புக் கோடுகள் விழுகின்றன என்றால் குற்றம் புரோப்பில். வேறு புரோப்பை மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு சர்வீஸ் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை பக்கத்து மருத்துவமனை இயந்திரத்தைக் காரில் வைத்துக் கொண்டுவரலாம் என்ற யோசனை வேண்டாம். பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் இயந்திரமும் ஓரிடத்தில் பதிவு செய்யப்பட்டது. நாம் கழுத்தை மட்டுமே பார்க்கிறோம் என்பது அங்கே பதிலாகாது. தென்பெண்ணையைத் தாண்டினால் வேறு நிர்வாகம், வேறு பதிவு. மின்துடிப்பால் நரம்பைக் கண்டுபிடிக்கும் நரம்புத் தூண்டியைக் கொண்டு போடத் தெரிந்தால் போடுங்கள்; இல்லாவிட்டால் அன்றைக்கு முழு மயக்கமே நேர்மையான வழி.

## அறிகுறி: நரம்பு தெரிகிறது, ஊசி முனை தெரியவில்லை

ஊசியைத் தள்ளுவதை நிறுத்துங்கள். இது ஆலோசனை அல்ல, விதி. முனை தெரியாமல் முன்னேறிய ஊசிதான் நுரையீரல் உறையைத் தொடுகிறது.

திரையைப் பார்க்காமல் உங்கள் கையைப் பாருங்கள். பெரும்பாலும் ஊசி புரோப்பின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும். சரி செய்த பிறகும் தெரியவில்லை என்றால் கோணம் செங்குத்தாக இருக்கிறது. வெளியே எடுத்து, புரோப்பிலிருந்து ஒரு செ.மீ. தள்ளிக் குத்தி, படுக்கையாகக் கொண்டுவாருங்கள். இன்ஃப்ராகிளாவிகுலரில் காறை எலும்பு இடிப்பதால் இது முடியாது. அங்கே புரோப்பின் மறு ஓரத்தை அழுத்தினால் ஊசிக்கும் புரோப்புக்கும் உள்ள கோணம் குறையும். அரை மி.லி. சலைன் விட்டு, திசு எங்கே விரிகிறது என்று பார்த்தும் முனையைக் கண்டுபிடிக்கலாம். சிரிஞ்சிலும் குழாயிலும் காற்றுக் குமிழ் இருந்தால் அந்த அரை மி.லி.யே படத்தைக் கெடுத்துவிடும். முன்பே வெளியேற்றுங்கள்.

திரை எங்கே இருக்கிறது? உங்கள் கண், ஊசி, திரை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். சிறிய அறுவை அரங்குகளில் இயந்திரம் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. மருத்துவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மேசையை நகர்த்த ஆகும் இரண்டு நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி: மருந்து செலுத்தும்போது சுரீரென்ற வலி, அல்லது சிரிஞ்ச் கனக்கிறது

நிறுத்துங்கள். ஒரு சில மி.மீ. பின்னால் இழுங்கள். வலி போய், மருந்து இலகுவாகப் போய், திரையில் நரம்பைச் சுற்றிக் கறுப்பாகப் பரவினால் தொடரலாம். நரம்பே உப்புகிறது என்றால் முனை உள்ளே இருக்கிறது. இழுத்த பிறகும் வலி நிற்கவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு மட்டத்தில் போடுங்கள், நடந்ததை எழுதிவையுங்கள். பயத்தைப் போக்க பிளாக்குக்கு முன் மிடசோலம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் "ஐயா, சுருக்கென்று இழுக்கிறது" என்று சொல்லும் அளவுக்கு அவர் விழித்திருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையைவிட நம்பகமான கருவி நம்மிடம் இல்லை.

## அறிகுறி: நேரமாகியும் எதுவுமே மரக்கவில்லை

கடிகாரத்தைப் பாருங்கள். லிக்னோகெய்ன் என்றால் 10 முதல் 15 நிமிடம். பூபிவகெய்ன் மட்டும் என்றால் 20 முதல் 30 நிமிடம். அறுவை மருத்துவர் கை கழுவிவிட்டு நிற்கிறார் என்பதற்காக நரம்பு அவசரப்படாது. பத்தாவது நிமிடத்தில் ஊசிமுனையால் குத்திப் பார்த்து, நோயாளி துள்ளியதும் எல்லாம் போயிற்று என்று முடிவுகட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் போவது குளிர்ச்சி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சை மரக்காத கையில் வைத்து, "இது ஜில்லென்று இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, அதையே பிளாக் போட்ட கையில் வைத்துக் கேளுங்கள்.

நான்கு நரம்பையும் தனித்தனியாகச் சோதியுங்கள். முழங்கையை நீட்டித் தள்ளச் சொன்னால் ரேடியல். மடக்கி இழுக்கச் சொன்னால் மஸ்குலோகியூட்டேனியஸ். ஆள்காட்டி விரல் நுனியைக் கிள்ளினால் மீடியன். சுண்டுவிரல் நுனியைக் கிள்ளினால் அல்னார்.

அரை மணி நேரம் கழிந்தும் நான்கும் விழித்திருந்தால், மருந்து நரம்பைச் சுற்றிப் போகாமல் தவறான திசு உறைக்குள் போயிருக்கிறது. ஆம்பூலை எடுத்து மருந்தின் பெயரையும் செறிவையும் மறுபடி படியுங்கள். எல்லாம் சரி என்றால் மொத்த அளவில் மீதி எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். மீதி இருந்தால், வேறு மட்டத்தில் ஒருமுறை. மீதி இல்லை என்றால் மருந்தைக் கூட்டாதீர்கள், முழு மயக்கம்.

## அறிகுறி: சுண்டுவிரல் மட்டும் விழித்திருக்கிறது

அதிகம் வருவது இதுதான். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் சொன்னதைவிட நன்றாக இதைச் சொல்ல முடியாது: "நான்கு விரல் செத்துவிட்டது ஐயா, சுண்டுவிரல் மட்டும் உயிரோடு இருக்கிறது."

சுப்ராகிளாவிகுலர் போட்டிருந்தால்: மருந்து குலையின் மேல்பக்கத்திலேயே நின்றுவிட்டது. தண்டுவடத்திலிருந்து வரும் சி8, டி1 நரம்பு வேர்களைச் சுமக்கும் கீழ்க்கிளை தமனியும் முதல் விலா எலும்பும் சேரும் மூலையில் ஒளிந்திருக்கும். அடுத்த நோயாளிக்கு மருந்தின் ஒரு பகுதியை அந்த மூலையிலேயே முதலில் விடுங்கள். குலை மேலே மிதந்து எழுவது திரையில் தெரியும். முனைக்குக் கீழே எலும்பு இருக்கிறதா, நுரையீரல் உறை இருக்கிறதா என்று தெரியாமல் அந்த மூலைக்குப் போகாதீர்கள். எலும்பு அசையாது, பின்னால் நிழல் இருக்கும். உறை மூச்சுக்கு மூச்சு வழுக்கி ஓடும்.

இன்டர்ஸ்கேலீன் போட்டிருந்தால்: அது அந்த பிளாக்கின் இயல்பு. மறுபடி அங்கேயே குத்துவதில் பயனில்லை.

இன்றைய நோயாளிக்கு என்ன செய்வது: கழுத்துக்குத் திரும்ப வேண்டாம். முன்கையின் நடுவில் புரோப்பை வையுங்கள். அல்னார் தமனியைக் கண்டுபிடித்தால் அதன் உட்புறம் ஒட்டியே அல்னார் நரம்பு இருக்கும். மணிக்கட்டிலிருந்து மேலே போகப் போகத் தமனியும் நரம்பும் பிரியும். பிரியும் இடத்தில் மூன்று முதல் ஐந்து மி.லி. விடுங்கள். சில நிமிடத்தில் சுண்டுவிரலும் அடங்கும். வெட்டு முன்கையின் உட்பக்கத் தோலில் என்றால் இது போதாது. அந்தத் தோலுக்கு வேறு நரம்பு. அங்கே அக்குளில் போய்ப் போடுங்கள்.

## அறிகுறி: முன்கையின் வெளிப்பக்கம் அல்லது புறங்கை வலிக்கிறது

ஆக்ஸிலரி போட்ட பிறகு முழங்கையை மடக்க முடிகிறது, கட்டைவிரல் பக்கத்து முன்கைத் தோல் விழித்திருக்கிறது என்றால் மஸ்குலோகியூட்டேனியஸ் விடுபட்டிருக்கிறது. இந்த நரம்பு தமனியோடு இருப்பதில்லை. தள்ளி, கொரகோபிரேக்கியாலிஸ் தசைக்குள்ளோ அதற்கும் பைசெப்ஸுக்கும் நடுவிலோ ஓடும். புரோப்பை அக்குளிலிருந்து கீழ்நோக்கி நகர்த்தினால் அது தமனியை விட்டு விலகிப் போவது தெரியும். ஐந்து மி.லி.

புறங்கை வலித்தால் ரேடியல். தமனிக்குப் பின்னால், வெள்ளையாகத் தெரியும் தசைநாணின் மேல் அது படுத்திருக்கும். தமனியின் கீழே மருந்து போகாததே காரணம். முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே, வெளிப்பக்கத்தில் அதைத் தனியாகப் பிடித்துவிடலாம்.

இன்ஃப்ராகிளாவிகுலரில் ரேடியல் விடுபட்டால், தமனிக்கு நேர் பின்னால், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில் மருந்து சேரவில்லை என்று பொருள். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஏறிப் பரவினால்தான் பிளாக் முழுமை.

## அறிகுறி: காயம் வலிக்கவில்லை, டூர்னிக்கெட் வலிக்கிறது

டூர்னிக்கெட் என்பது ரத்த ஓட்டத்தை நிறுத்த மேற்கையில் கட்டும் பட்டை. வலி எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள். பதில் இரண்டு பாதைகளாகப் பிரிகிறது.

கட்டிய உடனே, அக்குளின் உட்பக்கத்தில்: பட்டைக்கு அடியில் பஞ்சு சுருங்கி மடிந்திருக்கிறதா பாருங்கள். அழுத்தத்தைப் பாருங்கள், சிஸ்டாலிக் அளவுக்கு மேல் 50 முதல் 100 மி.மீ. போதும். சிலர் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 300 வைக்கிறார்கள். மெலிந்த கைக்கு அது கொடுமை. இரண்டும் சரி என்றால், மேற்கையின் உட்பக்கத் தோலுக்கு வரும் டி2 நரம்பு காரணம். எந்த பிரேக்கியல் பிளாக்கும் அதைத் தொடாது. அக்குள் மடிப்பின் நெடுக, தோலுக்கு அடியில் ஐந்து மி.லி. வரை விட்டால் தீரும். டூர்னிக்கெட் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது என் வழக்கம்.

முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து, கை முழுக்க வேதனை: இது ரத்தம் போகாததால் வரும் வலி. நல்ல பிளாக்கையும் மீறி வரும். ரத்த அழுத்தம் மெல்ல ஏறும். ஊசியால் ஆகப்போவது எதுவும் இல்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். பத்து நிமிடம் என்றால் வலிநிவாரணி ஃபென்டனில் சிறிதளவு கொடுத்து, நோயாளியிடம் பேசிக்கொண்டே கடத்திவிடலாம். "இன்னும் கொஞ்சம் நேரம்தான் அண்ணே, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று தோளைத் தொட்டுச் சொல்வது மருந்தில் பாதி. அரை மணிக்கு மேல் என்றால் பட்டையைத் தளர்த்தி ரத்தம் ஓடவிட்டுப் பிறகு கட்டச் சொல்லுங்கள், அல்லது முழு மயக்கத்துக்குப் போங்கள். மயக்க மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, மூச்சுப்பாதைக்குப் பாதுகாப்பில்லாத அரைத் தூக்கத்தில் அவரை வைக்காதீர்கள்.

## அறிகுறி: மூச்சு முட்டுகிறது

முதல் வேலை, தலைப்பக்கத்தை உயர்த்தி ஆக்சிஜன் வைப்பது. பிறகு காரணம்.

இன்டர்ஸ்கேலீன் அல்லது சுப்ராகிளாவிகுலர் போட்டு சில நிமிடத்தில், ஆக்சிஜன் அளவு பெரிதாகக் குறையாமல், "மூச்சு முழுதாக இழுக்க முடியவில்லை" என்றால் உதரவிதான நரம்பு மரத்திருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் 20 மி.லி. அளவில் இன்டர்ஸ்கேலீன் போட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் இது நேர்கிறது. ஆரோக்கியமானவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். விலாவுக்குக் கீழே புரோப்பை வைத்து நோயாளியை மூக்கால் சட்டென உறிஞ்சச் சொல்லுங்கள். நல்ல உதரவிதானம் கீழே இறங்கும்; மரத்தது அசையாது அல்லது எதிர்த்திசையில் ஏறும். மருந்தின் பிடி விடும்வரை உட்கார்ந்த நிலையும் ஆக்சிஜனும் தைரியமான வார்த்தையும் போதும். கண் இமை தொங்குவதும் குரல் கம்முவதும் கூடவே வரலாம். அவையும் தானே போகும். இதனால்தான் இரண்டு கைக்கும் ஒரே நாளில் இந்த பிளாக்குகளைப் போடக் கூடாது.

மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்துகிறது, இருமல் வருகிறது, ஆக்சிஜன் அளவு இறங்குகிறது என்றால் நுரையீரல் உறையில் காற்று புகுந்திருக்கலாம். அதே புரோப்பை மார்பின் முன்பக்கம், விலா இடைவெளியில் வையுங்கள். உறை வழுக்கி ஓடுவது தெரிந்தால் அந்த இடத்தில் காற்று இல்லை. ஓட்டம் நின்றிருந்தால் எக்ஸ்ரே எடுத்து, மார்புக் குழாய் போடத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இது பல மணி நேரம் கழித்தும் தலைகாட்டும் என்பதால், சுப்ராகிளாவிகுலர் போட்டவரை மாலையில் வீட்டுக்கு அனுப்புமுன் ஒருமுறை மூச்சை விசாரியுங்கள். மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடவே கூடாது. ரத்த அழுத்தம் விழுந்து, கழுத்துச் சிரை புடைத்துவிட்டால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே காற்றை வெளியேற்ற வேண்டும்.

## அறிகுறி: உதடு மரக்கிறது, காதில் இரைச்சல், உளறல், வலிப்பு

மருந்து ரத்தத்தில் ஏறுகிறது. மருந்து செலுத்துவதை நிறுத்தி, உதவிக்குக் குரல் கொடுங்கள். யாராவது லிப்பிட் பாட்டிலைத் திறக்கட்டும்.

நூறு சதவீத ஆக்சிஜன், மூச்சுப்பாதை. ஆக்சிஜன் குறைந்தாலும் ரத்தத்தில் அமிலம் கூடினாலும் நஞ்சு இன்னும் கடுமையாகும். வலிப்புக்கு மிடசோலம். ரத்த அழுத்தம் தடுமாறும்போது மயக்க மருந்தான புரொப்போஃபால் வேண்டாம். அதிலும் லிப்பிட் இருக்கிறதே என்று நினைப்பது தவறு, அந்த அளவு எதற்கும் போதாது.

20 சதவீத லிப்பிட் கிலோவுக்கு 1.5 மி.லி.; 50 கிலோ என்றால் 75 மி.லி., இரண்டு மூன்று நிமிடத்தில். தொடர்ந்து நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி.; அதே நோயாளிக்கு நிமிடத்துக்கு 12.5 மி.லி. இதயம் நிலைப்படவில்லை என்றால் முதல் அளவை மறுபடி கொடுக்கலாம். மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.யைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்கு அது 600 மி.லி.; ஒரு பாட்டில் பொதுவாக 250 மி.லி. எனவே அலமாரியில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. இதயம் நின்றால் நெஞ்சழுத்தம். அட்ரினலின் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மிகாமல். இதயத் துடிப்புக் கோளாறுக்கு லிக்னோகெய்ன் கொடுத்துவிடாதீர்கள். கால்சியம் சேனல், பீட்டா தடுப்பு மருந்துகளும் வேண்டாம். நெஞ்சழுத்தம் நீண்ட நேரம் தேவைப்படலாம், கைவிடக் கூடாது. இந்த நஞ்சிலிருந்து மீள்பவர்கள் பெரும்பாலும் முழுதாக மீள்கிறார்கள்.

நிலைப்பட்டதும் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். நம் பக்கத்தில் கோரிமேடு ஜிப்மர் இருக்கிறது. அனுப்புமுன் அங்குள்ளவரிடம் தொலைபேசியில் பேசி, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதி ஆம்புலன்ஸில் வையுங்கள். லேசான அறிகுறியோடு அடங்கிவிட்டவரையும் இரண்டு மணி நேரமாவது கண்காணிப்பில் வையுங்கள்; இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரம்.

## அறிகுறி: மறுநாளும் மரப்பு போகவில்லை

பூபிவகெய்னோடு டெக்சாமெதசோன் சேர்த்திருந்தால் ஒரு நாள் வரை மரப்பு நீள்வது வழக்கம். மாவுக்கட்டு இறுக்கமா, தொங்கு பட்டை முழங்கையை அழுத்துகிறதா என்று முதலில் பாருங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நேரில் வரச் சொல்லி, எந்த நரம்பு என்று மறுபடி சோதியுங்கள். தோலில் மட்டும் ஒரு திட்டு மரப்பு என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தேயும். தொடர்ந்து பார்த்து வாருங்கள். அசைவு குறைந்திருந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஊசி, டூர்னிக்கெட், அறுவை, முதல் அடி என நான்கில் எதுவும் காரணமாகலாம். தசை மின்பரிசோதனையில் சேதம் முழுதாகத் தெரிய மூன்று வாரம் வரை ஆகும். ஆனால் முதல் சில நாளிலேயே ஒன்று எடுத்தால், பழைய பாதிப்பு ஏற்கெனவே இருந்ததா என்பது தெரியும்.

## அறிகுறி: இரவில் வீட்டிலிருந்து அழைப்பு, தாங்க முடியாத வலி

பிளாக் விட்டதும் வலி ஒரேயடியாக வருவது உண்டு. மரப்பு இருக்கும்போதே, படுக்கப்போகும் முன் மாத்திரையைச் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருந்தால் இந்த அழைப்புகள் வெகுவாகக் குறையும். வலிக்கும்போது சாப்பிடுங்கள் என்று சொன்னால் நள்ளிரவில்தான் ஆரம்பிப்பார்கள். மரத்த கையை டவுன் பஸ் ஜன்னலுக்கு வெளியே விடாதீர்கள், அந்தக் கையால் டீ கிளாஸை வாங்காதீர்கள் என்பதையும் கூட வந்தவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

அழைப்பு வந்தால் மாத்திரையின் பெயரைச் சொல்லுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். விரல் நுனி வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறதா? மாத்திரைக்கு வலி அசைகிறதா? மற்ற கையால் அந்த விரலை மெல்ல நீட்டினால் வலி உயிர்போகிறதா? விரலை நீட்டும்போது அலறினால் தசை உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காலைவரை பார்க்கலாம் என்று சொல்லக் கூடாது. உடனே கிளம்பி வரச் சொல்லிவிட்டு, அறுவை மருத்துவரை எழுப்புங்கள். வந்ததும் மாவுக்கட்டை முழு நீளத்துக்கும் தோல் தெரியும்வரை பிளக்க வேண்டும். அவர் கையைப் பார்த்து முடிவு சொல்லும்வரை இன்னொரு பிளாக் போட்டு அந்த வலியை மறைக்காதீர்கள்.